பள்ளி திறந்தாலும் மூடினாலும் பஸ் எத்தனை மணிக்கு? கிராமத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பத்து வருடம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வருவது நிற்கவில்லை. "சார், எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்த ஹைஸ்கூல் ஆக்கணும், மனு எழுதிக் குடுங்க" என்பார்கள் சிலர். "எங்க ஹைஸ்கூல பக்கத்து ஊர்ல சேக்கப் போறாங்களாம், என்ன பண்றது?" என்பார்கள் சிலர். கட்டடம், வாத்தியார், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்படி வந்தவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளைப் பற்றியவை.

ஐந்து கிலோமீட்டருக்குள் வேறு உயர்நிலைப் பள்ளி இருப்பதால் எங்கள் நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்த முடியாது என்கிறார்கள். சரிதானா?

அந்த ஐந்து கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-இல் மத்திய அரசு தொடங்கிய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் இலக்கு அது. எந்தக் குடியிருப்பிலிருந்தும் 5 கி.மீ.க்குள் உயர்நிலைப் பள்ளி, 7 முதல் 10 கி.மீ.க்குள் மேல்நிலைப் பள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். 2018-இல் அந்தத் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்ந்துவிட்டது. கணக்கு மட்டும் அப்படியே கோப்புகளில் நிற்கிறது.

நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது, எந்த ஐந்து கிலோமீட்டர் என்றுதான். வரைபடத்தில் கோடு போட்டு அளந்ததா, தார்ச்சாலையில் வண்டி ஓட்டி அளந்ததா, பிள்ளைகள் உண்மையில் நடக்கும் வரப்பு வழியா? என் பள்ளிக்கு ஆற்றின் அக்கரையிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். காக்கை பறந்தால் மூன்று கிலோமீட்டர் கூட இருக்காது. பாலம் சுற்றி வந்தால் ஒன்பது. கோடையில் மணலில் இறங்கி வந்துவிடுவார்கள். ஐப்பசி பிறந்ததும் ஆற்றில் தண்ணீர் வரும், அக்கரைப் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் வரிசையாக விழும். தூரச் சான்று எழுதியவர் வந்தது சித்திரை மாதம்!

ஆற்றைப் போலவே இடையில் ரயில் தண்டவாளம் இருக்கலாம், நாற்கரச் சாலை இருக்கலாம், மழைக்கு முழுகும் தரைப்பாலம் இருக்கலாம். அதனால் மனுவோடு ஒரு நேரப் பட்டியலையும் இணையுங்கள். ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் பள்ளி வாசல் வரை நடந்தால் எத்தனை நிமிடம், பஸ்ஸில் எத்தனை நிமிடம், பஸ்ஸுக்குக் காத்திருப்பது எத்தனை நிமிடம், மழைக்காலத்தில் எத்தனை நாள் வழி அடைபடும் என்று எழுதுங்கள். புத்தகப் பையோடு ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போய்வர இரண்டரை மணி நேரம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முழுக்க முழுக்கப் படிக்கிற நேரம்.

எட்டாம் வகுப்பு வரை தூரத்துக்குச் சட்டம் இருக்கிறதாமே, ஒன்பதாம் வகுப்புக்கு இல்லையா?

இல்லை. குழப்பம் முழுவதும் இங்கேதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கி.மீ., ஆறு முதல் எட்டு வரை 3 கி.மீ. தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும். அப்படிப் பள்ளி அமைக்க முடியாத சிறு குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு இலவச வாகனமோ தங்கும் வசதியோ செய்து தர வேண்டும் என்று மத்திய விதிகள் சொல்கின்றன. எட்டு முடிந்ததும் இந்தக் குடை மடங்கிவிடும். தூரம் கூடுகிற அதே ஜூன் மாதத்தில் பாதுகாப்பு குறைகிறது.

கையில் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கொம்பு உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துக்கென்று ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை தரும் ஏற்பாடு இருக்கிறது. முதலில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. 2021-இல் திட்டத்தைப் புதுப்பித்தபோது இடைநிலை வகுப்புகளுக்கும் நீட்டினார்கள். இதைச் சட்ட உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். திட்ட ஒதுக்கீடுதான், கேட்டு வாங்க வேண்டும், ஆண்டுதோறும் கேட்க வேண்டும். மாதம் ஐந்நூறு ரூபாயில் எந்த வேன்காரர் வருவார் என்பது தனிக் கதை.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று எங்கள் உயர்நிலைப் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைக்கப் பேசுகிறார்கள். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

கோபப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். பிள்ளைகள் எண்ணிக்கை மிகவும் குறைந்த உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் என்று ஆசிரியரைத் தக்க வைப்பது உண்மையிலேயே கஷ்டம். இணைத்தால் பிள்ளைகளுக்கு நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்கலாம், முழு நேர ஆசிரியர் கிடைக்கலாம். எல்லா இணைப்பும் அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இணைப்பில் அரசுக்கு மிச்சமாகும் செலவு ஓரிடத்தில் தெரியும், பெற்றோருக்கு ஏறும் செலவு எந்தக் கோப்பிலும் தெரியாது. ஷேர் ஆட்டோ காசு, காலையில் சீக்கிரம் சமைக்க வேண்டிய வேலை, பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் அப்பா கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கொண்டு விடுவது, இவையெல்லாம் யார் கணக்கு?

பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்த நான்கைக் கேட்டு, பதிலைத் தீர்மானத்திலேயே எழுத வையுங்கள். புதுப் பள்ளிக்கு மணி அடிப்பதற்கு முன்னால் சேரும் பஸ் எது, அதன் தட எண் என்ன? மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பப் பஸ் உண்டா? அந்தப் பஸ்ஸில் இப்போதே எவ்வளவு கூட்டம்? இணைப்பு எந்த மாதத்தில் நடக்கும்? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். நடுவருடத்தில் இணைத்தால் பிள்ளையின் பஸ் பாஸில் பழைய பள்ளியும் பழைய தடமும் இருக்கும். பத்தாம் வகுப்புக்காரர்களைக் குறைந்தபட்சம் பொதுத்தேர்வு முடியும்வரை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையே சேராத பள்ளிகளை மூடுவது வேறு. 2019-இல் அப்படி 46 பள்ளிகளைத் தற்காலிகமாக மூடி நூலகம் ஆக்குவதாக அரசு அறிவித்தது. பிள்ளைகள் இருக்கும் உயர்நிலைப் பள்ளியை இணைப்பதற்கு அதை உதாரணம் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். பிறகு என்ன பிரச்சினை?

காசு பிரச்சினை தீர்ந்தது. அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு பஸ்ஸில் இலவசம். ஜூனில் புதுப் பாஸ் வரும்வரை சீருடையைப் பார்த்து ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஆண்டுதோறும் அறிவிப்பும் வரும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் எல்லோருக்கும் கட்டணம் இல்லை.

பாஸ் இருந்தால் போதுமா, பஸ் வர வேண்டாமா? பணிமனைக்கு அந்தத் தடத்தின் அன்றாட வசூல் ஒரு கணக்கு. பாஸ் பிள்ளைகள் நூறு பேர் ஏறினாலும் கண்டக்டர் பையில் சில்லறை விழாது. அவர்களுக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு மானியமாகத் தனியாகத் தருகிறது. அது கோட்டையிலிருந்து கழகத்துக்குப் போகிற பணம். உங்கள் ஊர் நடையின், அதாவது ட்ரிப்பின், வசூல் சீட்டில் அது தெரிவதில்லை. ஓட்டுநர் குறைவான நாளில் எந்த நடையை வெட்டலாம் என்று பார்த்தால், வசூல் இல்லாத காலை எட்டேகால் நடைதான் கண்ணில் படும். "இன்னிக்கு ட்ரிப் கட்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். முதல் பீரியடில் ஐம்பது பெஞ்சு காலியாக இருக்கும்.

இன்னொன்று, கூட்டம். பக்கத்துப் பள்ளியை மூடினால் அந்தப் பிள்ளைகளும் இதே பஸ்ஸில்தான் ஏறுவார்கள். பஸ் கூடவில்லை, பிள்ளைகள் கூடினார்கள் என்றால் படிக்கட்டில் தொங்குவார்கள். தொங்குகிற பையனைத் திட்டுவது எளிது. அடுத்த பஸ் பத்தரைக்கு என்றால் அவன் வேறென்ன செய்வான்?

பஸ் நேரத்தை மாற்றவோ புது நடை விடவோ யாரிடம் கேட்பது?

நேராக அமைச்சருக்கு எழுதுகிறவர்கள் அதிகம். நான் கிளைப் பணிமனையிலிருந்து தொடங்கச் சொல்வேன். கிளை மேலாளருக்குத்தான் எந்த வண்டி எங்கே சும்மா நிற்கிறது என்று தெரியும். புது பஸ் கேட்டால் "வண்டி இல்லை, ஆள் இல்லை" என்பார். இருக்கிற பஸ்ஸை இருபது நிமிடம் முன்னால் கிளப்பச் சொன்னால் யோசிப்பார். ஊரில் இரவு தங்கும் பஸ் இருந்தால் இன்னும் நல்லது. அதிகாலை டவுன் போய்விட்டு அது திரும்பும் நடையைப் பள்ளி நேரத்துக்குப் பொருத்த முடியுமா என்று பாருங்கள்.

கேட்கிற முறை முக்கியம். "பேருந்து வசதி செய்து தர வேண்டுமாய்" என்று நான்கு வரி எழுதினால் கோப்பில் தூங்கும். எந்த நிறுத்தத்தில் எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, இப்போதைய பஸ் எத்தனை மணி, வேண்டிய நேரம் எத்தனை மணி என்று ஒரே பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுங்கள். எமிஸ் என்கிற கல்வித் துறைக் கணினிப் பதிவில் பிள்ளைகளின் ஊர் விவரம் இருக்கும், தலைமையாசிரியர் எடுத்துத் தருவார். அதோடு பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், கிராம சபைத் தீர்மானம் இரண்டும் வேண்டும். ஒரு நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு, ஒன்று திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கு. கல்வித் துறையும் போக்குவரத்துக் கழகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஆட்சியர் அறையில்தான். பதிலே வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில், கடந்த மூன்று மாதத்தில் அந்தத் தடத்தில் எத்தனை நடை ஓடவில்லை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். பல சமயம் பதில் வருவதற்கு முன் பஸ் வந்துவிடும்.

பள்ளி மணியையும் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம். ஒரே தடத்தில் இரண்டு பள்ளிகள், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மணி, ஒரே பஸ் என்று எங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே அனுமதி வாங்கி எங்கள் பள்ளியை இருபது நிமிடம் தள்ளித் தொடங்கினோம். அதே பஸ் முதலில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து எங்கள் பிள்ளைகளை ஏற்றியது. ஒரு பைசா செலவில்லை. இரண்டு தலைமையாசிரியர்கள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசியதுதான் செலவு.

மினிபஸ் வந்தால் போதாதா?

நல்லதுதான். 1997-இல் தொடங்கிய மினிபஸ் திட்டத்துக்கு 2025 ஜூனில் புது வடிவம் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸே போகாத ஊர்களுக்கு அது வரம். ஆனால் ஓட்டுபவர் தனியார். பிள்ளையின் பாஸ் அதில் செல்லுமா என்று முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சைக்கிள் கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள், பதினோராம் வகுப்பில். 2001-02-இல் பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். எனக்கு அதில் பல வருடமாக ஒரு மனக்குறை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்குத் தூரம் கூடுவது ஒன்பதாம் வகுப்பில். சைக்கிள் வருவது இரண்டு வருடம் கழித்து. இடையில் நின்றுவிட்ட பிள்ளைக்கு அந்தச் சைக்கிள் வரவே வராது.

பீகார் இதைச் சரியாகச் செய்தது. 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். இடைநிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அதிகம் தெரிந்தது பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில். அதனால் உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியை இணைப்பதாக இருந்தால், ஒன்பதாம் வகுப்புக்கே சைக்கிள் கேளுங்கள். விதியில் இல்லை என்பார்கள். விதியில் இல்லாததைத்தானே கேட்க வேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

பயத்தைக் கேலி செய்யாதீர்கள். எதற்குப் பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றிய பயம் இருக்காது. பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிவரை உள்ள அரை கிலோமீட்டர், அதில் இருக்கும் டாஸ்மாக் கடை, மாலை ஆறு மணிக்கு எரியாத தெருவிளக்கு, இவைதான். ஆறு மாதம் ஒரு பிள்ளை வராமல் இருந்து, வீட்டுக்குப் போய் விசாரித்தால், நிறுத்தத்தில் தனியாக இறங்க வேண்டியிருந்தது என்பதே காரணமாக இருந்தது. நிறுத்தத்தைப் பள்ளி வாசலுக்கு நகர்த்தக் கேட்டோம். வந்தது, ஒன்றரை வருடம் கழித்து. அதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் அனுப்புவது, சிறப்பு வகுப்பை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுவது, கடைசி பஸ் போகும்வரை ஓர் ஆசிரியர் நிற்பது என்று பள்ளி அளவிலேயே செய்யக்கூடியவை உண்டு. இணைப்புத் தீர்மானத்தில் இவற்றையும் எழுத வையுங்கள்.

புதுப் பள்ளிக்கு ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். பரவாயில்லையா?

எல்லா ஊரிலும் இதேதான். ஊருக்குள் நிலம் இருக்காது, புறம்போக்கு எங்கே இருக்கிறதோ அங்கே பள்ளி. நிலம் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் சாலையைப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள், நாற்கரச் சாலையைக் கடக்க வேண்டுமா, சுரங்கப்பாதை எவ்வளவு தூரம், அங்கே டவுன் பஸ் நிற்குமா என்று அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். சுரங்கப்பாதை எண்ணூறு மீட்டர் தள்ளி இருந்தால் எந்தப் பிள்ளையும் சுற்றிப் போகாது, தடுப்பைத் தாண்டித்தான் குதிக்கும். கொஞ்சம் சிறிய நிலமானாலும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதையே வாங்கப் பாருங்கள் என்பேன். மைதானம் முக்கியம் என்று உடற்கல்வி ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

எங்கள் ஊரிலேயே மேல்நிலைப் பள்ளி வந்துவிட்டது. பழைய டவுன் பஸ் இனி தேவையில்லை அல்லவா?

அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். புது மேல்நிலைப் பள்ளியில் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குரூப்தான் இருக்கும். உயிரியல் வேண்டும் என்கிற பிள்ளை, தொழிற்கல்விப் பிரிவு வேண்டும் என்கிற பிள்ளை டவுனுக்குத்தான் போக வேண்டும். பள்ளி வந்துவிட்டது என்று காலை நடையை எடுத்துவிட்டால், பிள்ளைகள் விரும்பிய பாடத்தை விட்டுவிட்டு இருக்கிற பாடத்தில் சேருவார்கள். பஸ் நேரம் ஒரு பிள்ளையின் படிப்பையே மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பணத்தில் வேன் வைத்துக்கொண்டால்?

பல ஊர்களில் செய்கிறார்கள். வைப்பதானால் முறையாக வையுங்கள். 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகுதான், பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, உதவியாளர் எல்லாம் அதில் உண்டு. கோடை விடுமுறையில் கூட்டாய்வு நடக்கும். அதற்கு வண்டி போனதா என்று கேளுங்கள். வாடகைக்கு ஓடும் ஷேர் ஆட்டோவில் இவை எதுவும் இருக்காது. எட்டுப் பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு போகிறவரிடம் கேட்டால் "பெட்ரோல் விலை தெரியுமா சார்" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

வழியில் ரயில்வே கேட் இருந்தால் இரண்டு மடங்கு யோசியுங்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மேம்பாலம் வழியாகப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் சுற்றினாலும் அந்தத் தடத்தையே எழுதுங்கள்.

பையனிடம் பைக்கைக் கொடுத்துவிடலாமா?

கூடாது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி பதினெட்டு வயதாகாத பிள்ளை ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு?

பயணப்படியும் உடன் வருபவருக்கான படியும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உண்டு. வட்டார வள மையத்தில் கேளுங்கள். பள்ளி மாறினால் அந்தப் பதிவையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள், தானாக மாறாது.

எங்களுடையது மலைக்கிராமம். பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. இதெல்லாம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

பொருந்தாது. ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ கிலோமீட்டர் கணக்கு செல்லுபடியாகாது. இரண்டு கிலோமீட்டர் ஏற்றம் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அங்கே உயர்நிலை வகுப்புக்கு விடுதியோடு சேர்ந்த பள்ளிதான் வழி. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும், பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாக்களும் அதற்காக வந்தவைதான். ஆனால் விடுதியில் விட்ட பிள்ளை வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு எப்படி வரும், திங்கள் காலை எப்படித் திரும்பும் என்று யாரும் திட்டம் போடுவதில்லை. பிள்ளைகள் விடுதியை விட்டு ஓடிவந்துவிட்டார்கள் என்று சொல்வது பல சமயம் இப்படித்தான் தொடங்குகிறது. திங்கள் காலை ஜீப் கிடைக்கவில்லை, செவ்வாயும் கிடைக்கவில்லை, புதன்கிழமை அப்பாவோடு காட்டு வேலைக்குப் போய்விட்டான். வாரம் இரண்டு நடை, வெள்ளி மாலை ஒன்று, திங்கள் காலை ஒன்று. மலைக்கிராமத்துக்கு மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் முதல் வரியில் அதைத்தான் எழுதித் தருகிறேன்.